அப்பாவின் நடையில் யாரோ

அது அப்பாவின் நடையே இல்லை. அப்பா டக்டக்கென்று நடப்பவர். இப்போது கூடத்தில் சர்க்... சர்க்... என்று யாரோ காலை இழுத்து இழுத்து வந்தார்கள்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த மதிவதனி நிமிர்ந்தாள். கண்ணாடியில் ஒரு முகம். கன்னம் உப்பி, கண் இடுங்கி, வேறு யாரோ அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அவள் சட்டென்று திரும்பினாள்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கறே?" என்றது அந்த முகம். நல்லவேளை, குரல் அப்பாவுடையது.

போன வருடம்தான் அப்பா நரசிம்மனுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்தார்கள். விபத்தில் இறந்துபோன யாரோ ஒருவருடையது. பேர்கூடத் தெரியாது.

பக்கத்து வீட்டு அன்னக்கிளி அத்தை எட்டிப் பார்த்தார். "செத்தவன் பொருளாச்சே. அவன் திருப்பிக் கேக்கறான் போலகீது," என்று சொல்லி, வாசலில் எலுமிச்சம்பழம் வேறு அறுத்து வைத்துவிட்டுப் போனார். சும்மா இருக்கிற ஆளா அவர்?

மதிவதனிக்கு அழுகை முட்டியது. செத்துப்போனவர் கேட்டால் கொடுத்துத்தானே ஆகணும்? அப்புறம் அப்பா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழமைவாரியாக அறை பிரித்த அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். நேற்று இரவு மாத்திரை அப்படியே இருந்தது. அதற்கு முந்தின இரவு மாத்திரையும் இருந்தது.

"அப்பா, ராத்திரி எட்டு மணி மாத்திரை எப்போ போடறீங்க?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா எட்டு மணிக்குப் போட்டுடுவேன். செகண்ட் ஷிஃப்ட்னா வூட்டுக்கு வந்து பன்னெண்டு மணிக்கு. ஓ.டி.ன்னு கூடுதல் நேரம் வேலை பாத்தா வந்து அப்படியே தூங்கிடுவேன். ஷிஃப்ட் மாறினா மாத்திரையும் மாறணும்ல?"

மருத்துவமனையில் லூர்தம்மாள் நர்ஸ் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "உடம்புக்குள்ளயும் கம்பெனி கேட் மாதிரி செக்யூரிட்டி உண்டும்மா. புது ஆளைக் கண்டா வெளியே தள்ளுவாங்க. 'விடுங்க, நம்ம ஆளுதான்'னு மாத்திரை சொல்லிக்கிட்டே இருக்கணும். பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை."

"அப்பா, அவர் திருப்பிக் கேக்கலை," என்றாள் மதிவதனி. "நாமதான் அவரைத் துரத்திக்கினு இருக்கோம்."

அப்பா மாத்திரை டப்பாவை வாங்கிப் பார்த்தார். அவளே நர்ஸுக்கு போன் போட்டாள். "உடனே கூட்டிட்டு வாம்மா," என்றார் லூர்தம்மாள்.

மருத்துவமனையில் மூன்று நாள் ஊசி போட்டார்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர்.

அப்பா சொந்த முகத்தோடு வீடு திரும்பினார். மதிவதனி அவர் வயிற்றருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கோங்க. இது உங்க வூடுதான்."