தொண்ணூற்றாறு மதிப்பெண் முகம்

அந்த ஆண்டு கோயம்புத்தூரில் நல்ல பூஞ்சை கிடைப்பது அரிதாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் தங்கள் பழைய லென்ஸ்களை ஆனி மாதமே வால்பாறைக்கு அனுப்பினார்கள். அங்கே லென்ஸ்களுக்கென்றே விடுதிகள் இருந்தன. மழைக்காலம் முழுதும் ஈரச் சுவரோரம் திறந்துவைத்து, கண்ணாடியின் உள்ளே பூஞ்சை சிலந்திவலைபோலப் படர்ந்ததும் பஞ்சில் பொதிந்து திருப்பி அனுப்புவார்கள். ஒரு காலத்தில் இதே பூஞ்சைக்குப் பயந்து புகைப்படக்காரர்கள் லென்ஸ்களைக் காற்றுப் புகாத டப்பாக்களில் பூட்டிவைத்தார்கள் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை.

எல்லாம் மெய்மானியால் வந்தது. ஒவ்வொரு எண்ணிமக் கேமராவுக்குள்ளும் சட்டப்படி பொருத்தப்பட்ட சிறு கருவி அது. படம் எடுத்த கணத்திலேயே அதை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். கணினிகள், பிறக்காத மனிதர்களின் முகங்களை வண்டி வண்டியாகத் தயாரித்துத் தள்ளிய காலத்தில் அதை உருவாக்கினார்கள். உண்மை என்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட படங்களைக் காட்டி அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை, பழைய லென்ஸை இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய கேமராவில் மாட்டிப் படமெடுக்கும் பொழுதுபோக்குக்காரர்களுடையவை. மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும் பிடிவாதம் அவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. முகத்தைச் சுற்றிச் சுழலும் பின்னணி, எதிர்வெளிச்சத்தில் பால்போலப் பரவும் வெளுப்பு, வயதான கண்ணாடியின் மஞ்சள். மெய்மானி பார்த்தது, முடிவுக்கு வந்தது. பழுது இருந்தால் உண்மை, தெளிவாக இருந்தால் பொய்.

இது தவறு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் திருத்தும் அதிகாரம் உள்ளவர்களின் கையில் அதற்குள் நல்ல பூஞ்சை லென்ஸ்கள் வந்துவிட்டிருந்தன.

பம்பு ஆலை முதலாளி குழந்தைவேலு, புகைப்படக்காரி யூனிஸின் படக்கூடத்துக்கு ஒரு புதன்கிழமை வந்தார். அவருடைய அப்பா இறந்ததில் ஆலையின் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை இயக்குநர் கூட்டம். தலைவராக வருபவருடைய படத்துக்கு மெய்மானியில் தொண்ணூற்றுக்கு மேல் இருக்கவேண்டும் என்பது விதி. போட்டியாக நின்ற தங்கை கணவர் சென்னியப்பன் எண்பத்தெட்டைத் தாண்ட முடியாமல் தவிக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த விதியைக் கொண்டுவந்தவரே குழந்தைவேலுதான். சென்னியப்பன் கைக்குப் போனால் ஆலை நிலம் அடுக்குமாடிக்காரர்களுக்குப் போய்விடும். குழந்தைவேலுவுக்கு ஆலைமேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. வாசலில் காவலாளி வைக்கும் வணக்கத்தின் மேல் பிரியம் இருந்தது.

யூனிஸ் முதலில் சுத்தமான ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு படம் எடுத்தாள். நரை, கண்ணுக்குக் கீழே பை, காலையில் அவசரத்தில் சவரம் செய்த கீறல் எல்லாம் தெரிந்தன. மெய்மானி நாற்பத்தொன்று என்றது.

“நாப்பத்தொண்ணா?” என்றார் குழந்தைவேலு. “ஏம்மா, நான் நெசமாத்தானே உக்காந்திருக்கறேன்?”

“நீங்க நெசம் சார். படந்தான் பத்தாது.”

“எனக்கு மாப்பிள்ளையவிட மேல வரோணும்.”

“வர வெச்சிரலாம். ஆனா மூஞ்சி தெரியாது.”

“மூஞ்சி எதுக்கு? அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

யூனிஸிடம் வருகிறவர்கள் எல்லாரும் உண்மையான படம் வேண்டும் என்றுதான் தொடங்குவார்கள். அவள் பெட்டியைத் திறந்து, இரண்டு மழை பார்த்த லென்ஸ் ஒன்றை எடுத்தாள். அவரை ஜன்னலுக்கு முதுகுகாட்டி உட்காரவைத்தாள். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து, குவிய வளையத்தைத் திருகினாள். கூர்மை விழும் இடங்களைச் சிவப்புப் புள்ளிகளால் காட்டும் கேமரா, அவர் முகத்தில் ஒரு புள்ளியைக்கூடக் காட்டவில்லை. எண்பத்தைந்து. லென்ஸைக் கழற்றி அதன் பின்கண்ணாடியில் வாயால் ஊதி, ஆவி மறைவதற்குள் மாட்டி எடுத்தாள். தொண்ணூற்றாறு.

படத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதன் நடுவே மீசை என்று நினைத்துக்கொள்ளத்தக்க நிழல். கீழே வெள்ளையாக ஏதோ, சட்டையாக இருக்கலாம்.

“எங்கப்பாவப் பாத்த மாதிரியே இருக்குது” என்றார் குழந்தைவேலு.

“செவுத்துல மாட்டி வெச்சுக்கங்க சார். மூலமுகமாப் பதிஞ்சுராதீங்க.”

“தொண்ணூத்தாற ஆணியில தொங்கவுடறதுக்கா இத்தன பாடு?”

மூலமுகம் என்பது அரசுப் பதிவேட்டில் ஒருவருக்கு இருக்கும் ஒரே முகம். எல்லாக் கதவுகளும் அதோடுதான் ஆளை ஒப்பிடும். குழந்தைவேலு அன்று மாலையே பதிந்தார். மற்ற இயக்குநர்கள், அவருடைய சித்தி ருக்மணி உட்பட, முன்பே இப்படித்தான் ஆளுக்கொரு வெளிச்சத்தைப் பதிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஆலைக்கு வருவதில்லை. வீட்டிலிருந்தே, அதே படத்தைக் காட்டி, கூட்டத்தில் கலந்துகொள்வார்கள். நேரில் வரவேண்டும் என்ற கட்டாயம் தலைவர் பதவிக்கு நிற்பவர்களுக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஆலை வாசல் கேமராவான வாயிற்கண் குழந்தைவேலுவை உற்றுப் பார்த்தது. “முகம் பொருந்தவில்லை. தெளிவு மிகுதி” என்றது.

காவலாளி மாரப்பன் பதறி எழுந்து வணக்கம் வைத்தார். “மொதலாளி, கொஞ்சம் ஒதுங்கி, வெயிலுக்கு நேரா நில்லுங்க பாக்கலாம்.”

வெயிலில் நின்றார். தலை கலைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். வாயிற்கண் அசையவில்லை.

“நீ தொறந்துவுடு மாரப்பா.”

“சாவியத்தான் நீங்களே போன வருசம் வாங்கிட்டுப் போயிட்டீங்களே. மனுசன நம்பக் கூடாது, மிசினத்தான் நம்போணும்னு சொல்லிப்போட்டு.”

குழந்தைவேலு யூனிஸை அழைத்தார். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிய குரலில் சொன்னாள். “உங்களை மங்கலாக்க முடியாது சார். அதோட கண்ணை மங்கலாக்குங்க.”

பம்பு ஆலையில் கிரீசுக்குப் பஞ்சமில்லை. மாரப்பன் காவல் கூண்டிலிருந்து ஒரு விரல் வழித்துக் கொண்டுவந்தார். குழந்தைவேலு தம் கையாலேயே அதை வாயிற்கண்ணின் கண்ணாடிமேல் வட்டமாகத் தடவினார். “வணக்கம், குழந்தைவேலு அவர்களே. பொருத்தம் தொண்ணூற்றொன்று” என்று கதவு திறந்தது. வெற்றிபெற்றவர் நடையில் உள்ளே போனார். சட்டைக் கையில் கிரீஸ் ஒட்டியிருந்ததால், மாற்றுச் சட்டைக்காகத் தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து வந்தவர் சென்னியப்பன். எண்பத்தெட்டு மதிப்பெண்ணோடு தோற்கத்தான் வந்திருந்தார். கிரீஸ் பூசிய வாயிற்கண் அவரைப் பார்த்தது. அவருக்கும் மீசை இருந்தது, அவரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். “வணக்கம், குழந்தைவேலு அவர்களே. பொருத்தம் தொண்ணூற்றுமூன்று.”

சென்னியப்பன் ஒரு கணம் நின்றார். மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் வேறு பக்கம் பார்த்தார். சென்னியப்பன் உள்ளே போய், குழந்தைவேலுவின் பெயர் ஒளிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சட்டை மாற்றிக்கொண்டு குழந்தைவேலு வந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. சுவர்த்திரையில் ஐந்தாறு வெளிச்சங்கள் வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தன.

“மாப்ளே, அது என்ற எடம்” என்றார்.

“மன்னிக்கோணும் மச்சான். மிசினு நாந்தான் குழந்தைவேலுங்குது. அதுவும் உங்களவிட ரெண்டு புள்ளி அதிகமா.”

“சித்தி, நீங்க சொல்லுங்க. நான் யாரு?”

திரையில் ருக்மணியின் வெளிச்சம் சற்று அசைந்தது. அவர் இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளை குழந்தைவேலு. “எனக்குத் தெரியுது கண்ணு” என்றார் சித்தி. “ஆனா உன்ற மூலமுகம் தப்புன்னு இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு என்றதையும் கேப்பாங்கல்ல? தொண்ணூத்தி நாலு வாங்கறதுக்கு நான் என்ன பாடுபட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

மற்ற வெளிச்சங்களும் அதே யோசனையில் இருந்தன போலும். குழந்தைவேலு என்ற பெயரில் இருவர் இருந்தால், அதிகப் பொருத்தம் உள்ளவரே குழந்தைவேலு. இதுவும் விதிதான். அன்று குழந்தைவேலு ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலத்தை விற்கத் தாம் ஒப்புவதாக அறிவித்தார். திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. உண்மையில் குழந்தைவேலுவாகப் பிறந்தவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

மதியம் அவர் யூனிஸிடம் ஓடினார்.

“மூலமுகத்த மாத்திக்குடு. மூணு நாளுதான் இருக்குது.”

“மாத்தலாம் சார். ஆனா பழைய மூலமுகத்துக்கு நீங்கதான் சொந்தக்காரர்னு முதல்ல நிரூபிக்கணும். புதுசா ஒரு படம் எடுத்து, பொருத்தத்துல உங்க மாப்பிள்ளையோட தொண்ணூத்துமூணத் தாண்டணும்.”

அதே லென்ஸ், அதே ஜன்னல், அதே நாற்காலி. யூனிஸ் கேமராவை அரசுப் பதிவேட்டோடு இணைத்து, ஊதி ஊதி எடுத்தாள். எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. மறுபடி எண்பத்தொன்பது. பயத்தில் அவர் முகத்தில் ஏதோ தெளிவு வந்துவிட்டிருந்தது. அவர் அழுதால் கண்ணில் ஒளி தெறித்துக் கூடுதலாகக் கூர்மை விழுந்தது.

“கொஞ்சம் எழுந்திரிங்க சார். வெளிச்சந்தான் சரியில்லையான்னு பாக்கறேன்.”

யூனிஸ் தானே நாற்காலியில் உட்கார்ந்து, தானியங்கியில் ஒரு படம் எடுத்தாள். கேமராவின் பின்திரையை இருவரும் குனிந்து பார்த்தார்கள். குழந்தைவேலுவோடு பொருத்தம், தொண்ணூற்றைந்து. அவளுக்கு மீசை இல்லாததைப் பதிவேடு பொருட்படுத்தவில்லை.

யூனிஸ் சிரித்தாள். குழந்தைவேலு சிரிக்கவில்லை. அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு முதலாளிக்குரிய நிதானத்துடன் கேட்டார்.

“அம்மிணி, திங்கக்கெழம நீங்க சும்மாத்தானே இருப்பீங்க?”