முதல் வெட்டு

மதியப் பூசைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எர்லபால்ட் பிரபுவின் வண்டி மொசெல் ஆற்றுப் பாதையிலிருந்து மடத்துக்குள் திரும்பியபோது, கோயில்பிள்ளை குந்தோயின் பீடத்தின் முன்னால் மண்டியிட்டு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

கல்லறைக் கல்லின் விரிசலிலிருந்து வளரும் முடியை.

காலையிலிருந்து இது நான்காவது தடவை. மெழுகு ஊற்றிப் பார்த்தார், பிதுக்கித் தள்ளியது. சுண்ணாம்பு அடைத்தார்; உதிர்ந்தது. வெட்டிய இடத்திலேயே ஈரக் கம்பளி நாற்றத்துடன் நரைமுடி மறுபடி ஒரு விரற்கடை நீண்டு நின்றது.

"பாழாப் போறவனே, இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரேன்!"

சமையற்கட்டுத் துறவி தெயுத்பெர்ட் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, செத்தவருக்கும் சவரமா? எனக்கு ஈஸ்டருக்குக்கூட இவ்ளோ சுத்தமா வழிச்சுவிட்டதில்லையே!"

"வாயை மூடிட்டு அந்தக் கம்பளத்தை எடுத்துட்டு வா."

கல்லுக்கு அடியில் கிடப்பவர் பிரபுவின் அண்ணன் ராகன்ஃப்ரிட். பிராங்கு இனத்தாரிடையே ஒருவனை முடிக்கக் கொலை வேண்டியதில்லை, கத்தரி போதும். உச்சியில் வட்டமாக வெட்டிவிட்டால் அவன் துறவி. பிறகு அவனுக்கு வாளும் இல்லை, நிலமும் இல்லை. நாற்பது வருடங்களுக்கு முன் தம்பி அண்ணனைக் கட்டி இழுத்துவந்தார். கத்தரி பிடித்தது குந்தோயினின் கை. அன்று முதல் காடு, ஆலைகள், இரண்டு கோட்டைகள் என்று தம்பியின் குடும்பம் ஏறிக்கொண்டே போனது.

இப்போது மிச்சமிருப்பது மூன்று வயதுப் பேரன் ஒருவன்தான். தகப்பன் போரில் போய்விட்டான். பிள்ளையின் முதல் முடியை யார் வெட்டுகிறாரோ அவரே அவனுக்கு அப்பா என்பது வழக்கம். அதற்காகத்தான் ஆயரே வந்திருந்தார். ஆயர் இந்த முடியைப் பார்த்தால் கேள்வி கேட்பார். கேட்டால் பழைய பாவம் வெளியே வரும், குந்தோயினின் பெயரோடு.

கம்பளத்தை விரித்தார். நடுவில் மெல்லப் புடைத்தது. காலால் அமுக்கினார். மறுபடி புடைத்தது. அழுகை வந்தது அவருக்கு.

பிரபு அருகில் வந்து கிசுகிசுத்தார். "கிடக்கிறானா?"

"கிடக்கிறார், பிரபு."

பூசை தொடங்கியதும் புடைப்பு அடங்கியது. குந்தோயினுக்கு மூச்சு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கம்பளத்துக்கு அடியில் கையை விட்டார்.

ஒரு கற்றை சிக்கியது. வெளியே எடுத்தார்.

நரையில்லை.

பொன்னிறம். பட்டுபோல் மென்மை. பால் வாசம்.

"குல்லாயை எடும்மா," என்றார் ஆயர்.

பிள்ளையை ஏந்தி நின்ற செவிலி எடுத்தாள். பிள்ளையின் உச்சியில் ஒரு வட்டம், உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல் வெள்ளையாக மின்னியது.

"ஐயோ! காலைல நான்தானே சீவிவிட்டேன்! யாருமே தொடலை சாமி!"

ஆயரின் கத்தரி தாழ்ந்தது. "முதல் வெட்டு விழுந்தாச்சு, எர்லபால்ட். இவனுக்கு அப்பா நான் இல்ல."

"பின்னே யாரு?" என்றார் பிரபு.

பிள்ளை செவிலியின் கையிலிருந்து வழுக்கி இறங்கினான். தத்தித் தத்தி வந்து, கம்பளத்தின்மேல் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்தான்.

"அப்பா."

கம்பளம் மெல்லப் புடைத்து, அவன் கன்னத்தைத் தடவியது.