இரட்டைத் தலை வயர்

வயரை எதிலும் செருகாமல் மேஜைமேல் கிடந்த ஹார்ட் டிஸ்க், தொட்டால் கதகதப்பாக இருந்தது.

காலையில் முதலாளி வைத்துவிட்டுப் போனது. அவர் கைச்சூடாக இருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்போது சாயங்காலம். இத்தனை நேரமாகவா ஒரு கைச்சூடு தங்கும்? அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. வயதில் மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்ததால், கதவைச் சாத்திவிட்டால் வெளியே கொட்டுகிற மழைகூடக் கேட்காமல், ஏ.சி.யின் உறுமலும், ஈரக் கம்பளத்தின் முடைநாற்றமும், தன் மூச்சும் மட்டும்தான் மிஞ்சும். அக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டிஸ்க் குருவியினுடையது. கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தவள் அக்கா.

குருவி என்பது பட்டப்பெயர். நேற்று வந்த பெண். ஆள் ஒல்லி, காது மட்டும் பாம்புச் செவி. காட்டுக்குள் தங்கி மழையும் ஓடையும் பதிவு செய்து வருகிற பெரிய வேலை ஒன்று வந்தபோது, அது தனக்குத்தான் என்று நம்பி அக்கா புதுச் செருப்பே வாங்கி வைத்திருந்தாள். முதலாளி குருவியை அனுப்பினார். அனுப்பியதோடு விட்டாரா? அங்கே கரண்டே கிடையாது, யூ.எஸ்.பி.யிலேயே ஓடுகிற மாதிரி ஒரு டிஸ்க் பார்த்து வாங்கிக் கொடுங்கள் என்று அந்த வேலையை அக்கா தலையிலேயே கட்டினார்.

கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று, கிடைத்த மின்சாரத்தில் அடக்கமாக ஓடும். இன்னொன்றுக்குப் பசி அதிகம். பழைய லேப்டாப்பில் ஒரு யூ.எஸ்.பி. துளையிலிருந்து வருவது அதற்குப் போதாது. சுழலப் பார்த்து, முடியாமல், டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும். அதற்காகவே பெட்டிக்குள் இரட்டைத் தலை வயர் இருக்கிறது, இரண்டு துளையிலும் செருகினால் ஓடும் என்றார் கடைக்காரர். குருவியின் லேப்டாப் எவ்வளவு பழசு என்று அக்காவுக்குத் தெரியும். பசிக்காரனையே வாங்கினாள். வீட்டுக்கு வந்து இரட்டைத் தலை வயரை உருவி அலமாரியில் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு, பெட்டிக்குள் ஒற்றை வயர் ஒன்றைச் சுருட்டி வைத்தாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. உள்ளதைச் சொன்னால், சிரிப்புகூட வந்தது.

சாகட்டும் என்றா நினைத்தாள்? வெறுங்கையோடு திரும்பி வந்து திட்டு வாங்கட்டும் என்றுதான்.

காட்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா, டிக் டிக்னு சத்தம் வருது, சுத்தவே மாட்டேங்குது. பெட்டியில ரெண்டாவது வயர் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லையே."

சரி, இன்னொரு நாள் தங்கி முயன்று பார்க்கிறேன் என்றாள் குருவி. அன்று இரவு ஓடை பெருகியது. டிஸ்க் இருந்த பை மட்டும் கரை ஒதுங்கியது. குருவி கிடைக்கவில்லை.

கூடத்தில் அவள் விட்டுப்போன ஹெட்ஃபோனை முதலாளி யாரையும் தொட விடவில்லை. செத்தும் செல்லப்பிள்ளை என்று அக்கா கறுவினாள், கறுவியதற்காக வெட்கப்பட்டாள், மறுபடி கறுவினாள். இப்போது இந்த டிஸ்க் வேறு. இதில் ஏதாவது இருந்தால் எடுத்துக் கொடுங்கள், குருவி பேரிலேயே வெளியிடுவோம் என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுழலாத டிஸ்கில் என்ன இருந்துவிடப் போகிறது? எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஒற்றை வயரைச் செருகினாள்.

டிக். டிக். டிக்.

அப்புறம் சுழன்றது.

உள்ளே ஒரே ஒரு பதிவு. அக்கா தன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். மழை இலை இலையாகத் தனித்தனியே கேட்டது. அதற்குப் பின்னால் ஓடை. ஓடைக்குள் கல் உருளும் சத்தம். தண்ணீர் உயர்ந்து உயர்ந்து மைக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. இப்படியொரு பதிவை அக்கா வாழ்நாளில் செய்ததில்லை, செய்யப்போவதும் இல்லை. பயத்திலும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அழித்தாள்.

பதிவு போனது. சத்தம் போகவில்லை.

தண்ணீர் காதுக்குள் ஏறியது. விரல் நுனி மரத்தது. மணிக்கட்டு சில்லிட்டது. டிஸ்க் தடுமாறியது. டிக். டிக்.

கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

டிக்.

தண்ணீருக்கு அடியிலிருந்து, மிக அருகில், அந்தக் குரல்.

"அக்கா, ஒரு வயர் பத்தல."

குனிந்து பார்த்தாள். கையில் இருந்தது ஒற்றை வயர் இல்லை. ஈரம் சொட்டியது. பிடுங்கிய தலை அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது. இன்னொரு தலையைக் காணவில்லை. வயர் மேஜை விளிம்பில் இறங்கி, அவள் மடியைக் கடந்து, இடது பக்கம் ஸ்வெட்டர் கைக்குள் போயிருந்தது.

ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினாள்.

நாடி பார்க்கும் இடத்தில், வாய் மூடிக்கொண்ட மாதிரி, தோல் அதை இறுகக் கவ்வியிருந்தது.

டிக் நின்றது. டிஸ்க் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சுழன்றது.

"இப்ப சுத்துதுக்கா" என்றாள் குருவி.

பச்சை விளக்கு, அக்காவின் நாடி அடிக்கும்போதெல்லாம் அடித்தது. நாடி மெல்ல மெல்லத் தாமதித்தபோது, விளக்கும் தாமதித்தது.