சனிக்கிழமை ஏழு மணிப் பாடம்

ட்ரிங்... ட்ரிங்...!

மகளின் பனியனில் ஓட்டப்பந்தய எண்ணை ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் மீனலோசனியின் கை அப்படியே நின்றது.

"எடுக்காதீங்கம்மா!" பத்து வயது ரமணி கெஞ்சினாள். "சனிக்கிழமை காலையில போன் வந்தா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்!"

குழந்தை சொன்னது தப்பில்லை.

யாரோ செத்துத்தான் போயிருந்தார்கள்!

"மேடம், ஸ்டேஷன்ல இருந்து சார்ஜன் சபாபதி பேசறேன். பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னாடி பழைய திடல். எல் போர்டு மாட்டின கார்ல ஒரு பொண்ணு. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். கழுத்தை இறுக்கியிருக்கு."

"வரேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ரமணியின் உதடு ஏற்கெனவே பிதுங்கியிருந்தது.

"ரெண்டு மணிக்கு என் ரேஸ்..."

"வந்துடுவேன்லா. போலீஸ்காரி வாக்கு!"

"போன வருஷமும் அதான் கொடுத்தீங்க. அம்மா வாக்கு கொடுங்க."

கொடுத்தாள். பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

இந்த மாதிரி நேரத்தில் ரமணியை அழைத்துப் போக வீரசிங்கம் வருவார். ரயில் டிரைவர். மனைவியை இழந்தவர். மீனலோசனி கணவனை இழந்து ஆறு வருடம். ஒரு வருடமாக அவர் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தே இவள் பழகிவிட்டாள்.

ஆனால் நேற்று அவர் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை காலையில எனக்கு ட்யூட்டி, மீனா. வர முடியாது."

* * *

வெள்ளைக் கார். இடது பக்க சீட். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

சந்திரகலா. வயது இருபத்தொன்பது.

பேண்ட், சட்டை. கழுத்தோடு கத்தரித்த குட்டை முடி. செத்த பிறகும் அது கலையவில்லை! மீனலோசனியின் விரல்கள் தன்னையறியாமல் தன் கொண்டையைத் தொட்டன. போன மாதம் வீரசிங்கம் சொன்னது ஞாபகம் வந்தது. 'நீயும் குட்டையா வெட்டிக்கயேன் மீனா, எடுப்பா இருக்கும்.'

சே! பிணத்தைப் பார்க்கும்போது நினைக்கிற நினைப்பா இது?

"எட்டு மணி சுமாருக்கு, மேடம்." சபாபதி குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தார். "பின் சீட்டுல இருந்து துணியால இறுக்கியிருக்காங்க. கார் துடைக்கிற துணி. விரல் நகத்துல தோல் ஒட்டியிருக்கு. எட்டரை மணிப் பாடத்துக்கு வந்த பொண்ணு பார்த்துட்டு அலறியிருக்கு."

காருக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்து சந்திரகலாவின் அம்மா மாரியாயி அழுதுகொண்டிருந்தாள்.

"இடுப்பு வரைக்கும் முடி, தாயீ! நேத்து சாயங்காலம்தான் சலூனுக்குப் போயி வெட்டிக்கிட்டு வந்தா. கூறு கெட்டவளேன்னு திட்டினேன். பினாங்குல வேலை கிடைச்சிருக்கு, ரெண்டு வாரத்துல போகணும், புது வேலைக்குப் புது முடின்னு சிரிச்சா... சிரிச்சா தாயீ!"

"நல்ல வேலையை விட்டுட்டு ஏம்மா பினாங்கு?"

"அந்த டிரைவிங் ஸ்கூல் ஓனரு கன்னையா தொல்லை தாங்கலன்னா. கல்யாணம் ஆனவன், ஆனா பின்னாலயே சுத்தறான்னா."

காது எல்லாவற்றையும் வாங்கியது. மனம்தான் பாதியை வாங்கவில்லை. ஏனென்றால் அதற்குள் சபாபதி காருக்குள்ளிருந்து பாட நோட்டை எடுத்து நீட்டியிருந்தார்.

யார் எத்தனை மணிக்குப் பாடம் என்று வரிசையாக எழுதிய நோட்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் கையெழுத்து.

சனி, காலை ஏழு மணி. வீ. சிங்கம்.

கையெழுத்தின் வால் மேலே போய்ச் சுருண்டு கீழே இறங்கியது.

அந்த வாலை அவளுக்குத் தெரியும்! அவள் பிறந்தநாளுக்கு வந்த வாழ்த்து அட்டையில் இருந்த அதே வால்!

பக்கத்தைத் திருப்பினாள். போன சனி. அதற்கு முந்தின சனி. எட்டு வாரம்! எட்டுக் கையெழுத்து!

பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிற மனிதன்... தினமும் ரயிலையே ஓட்டுகிற மனிதன்... ஒரு அழகான பெண்ணிடம் எட்டு வாரம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறானாம்!

அதுவும் ட்யூட்டி என்று சொல்லிவிட்டு!

நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசினது போல இருந்தது. பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்ள அரை நொடி போதும். யாருக்கும் தெரியாது.

அவள் நோட்டை மூடி சபாபதியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சார்ஜன். இந்த ஏழு மணி ஆளு எனக்கு... வேண்டியவரு. நீங்கதான் விசாரிக்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

* * *

ஸ்டேஷன். பாதி திறந்த கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் மீனலோசனி.

"கார் ஓட்டத் தெரிஞ்சவருக்கு எதுக்கு சார் பாடம்?"

"அதைச் சொல்ல முடியாது, சார்ஜன்." வீரசிங்கத்தின் நெற்றியில் வியர்வை.

"கொலைக் கேஸு சார் இது!"

"தெரியும். ஏழே முக்காலுக்கு நான் இறங்கி நடந்துட்டேன். அப்ப அவங்க உயிரோட இருந்தாங்க."

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"கண்ணாடியில முடியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. புதுசா வெட்டினேன், நல்லா இருக்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

டமார்! கதவு சுவரில் மோதியது.

"எடுப்பா இருக்குன்னு சொல்லலையா? என்கிட்ட அப்படித்தானே சொன்னீங்க!"

"மீனா..."

"ட்யூட்டின்னு சொன்னீங்களே! இதான் ட்யூட்டியா? ரயில் எந்த ஸ்டேஷன்ல நின்னுச்சு?"

சபாபதி தொண்டையைச் செருமினார். "மேடம்... இந்தக் கேள்வி ரிப்போர்ட்ல எழுதணுமா?"

மீனலோசனி மூச்சை இழுத்து விட்டாள். "இவரை உள்ள உட்கார வைங்க. ஓனர் கன்னையா எங்க?"

"வியாழக்கிழமையே ஈப்போ போயிட்டாரு. ஓட்டல்ல கேட்டாச்சு, காலையில எட்டு மணிக்கு அங்கதான் பசியாறிக்கிட்டு இருந்தாரு. விஷயத்தைச் சொன்னதும் போன்லயே கட்டின பொண்டாட்டி செத்த மாதிரி அழுதாரு."

"கட்டின பொண்டாட்டி இருக்காங்கல்ல... அவங்க எங்க?"

"கிள்ளான்ல."

"வண்டியை எடுங்க!"

* * *

கிள்ளான். வரிசை வீடு. நடுப்பகல் வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது.

பவுனம்மாள், கன்னையாவின் மனைவி. நாற்பத்தைந்து வயது. அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள்.

"சந்திரகலாவைக் கொலை பண்ணிட்டாங்க, அக்கா. இன்னிக்குக் காலையில."

"அப்படியா." பவுனம்மாளின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம். கடைசியா அவளை எப்பப் பார்த்தீங்க?"

"தீபாவளிக்கு. மூணு மாசம் ஆச்சு. அவ மூஞ்சியைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?"

"காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். எங்கயும் போகல."

சபாபதி எழுதிக்கொண்டார். மீனலோசனி சன்னல் பக்கம் பார்த்தாள். அடுத்து அவள் சொன்னது விசாரணைக்காகச் சொன்னதே இல்லை. நெஞ்சில் இருந்தது வாய் வழியாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ரொம்ப அழகான பொண்ணு, இல்லக்கா? ஆம்பளைங்க மயங்காம என்ன செய்வாங்க..."

"அழகு!" பவுனம்மாள் பொங்கிவிட்டாள். "முடியை ஆம்பளையாட்டம் கழுத்தோட கத்தரிச்சுக்கிட்டு... அதுவா அழகு? எதைக் கண்டு மயங்குறாங்களோ!"



மீனலோசனி மெல்லத் திரும்பினாள்.

"அக்கா... நேத்து சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி."

"அ... அவரு சொன்னாரு. என் வீட்டுக்காரரு."

"அவரு வியாழக்கிழமையே ஈப்போ போயிட்டாரு. அவ முடி வெட்டினதை அவரு பார்த்தே இருக்க முடியாது."

பவுனம்மாள் ரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கையைக் காட்டுங்க."

பவுனம்மாள் பின்னால் நகர்ந்தாள். சபாபதி கதவை அடைத்து நின்றார். மீனலோசனி ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள்.

நான்கு கோடுகள். சிவப்பாக. நகக் கோடுகள்!

தரையில் சரிந்து உட்கார்ந்தவள், அழவில்லை. கோபமாகவே பேசினாள்.

"முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போனேன். பேசத்தான் போனேன்! பின்னாடி சீட்டுல உக்காந்து, என் புருஷனை விட்டுடும்மான்னு கெஞ்சினேன். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவ ஒரு சின்னப் பொண்ணுகிட்ட கெஞ்சினேன்! அவ கண்ணாடியில என்னைப் பார்த்துச் சிரிச்சா. 'இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்குங்கக்கா, எல்லாம் முடிஞ்சிடும்'னா. ரெண்டு வாரத்துல அவரைக் கட்டிக்கப் போறான்னுதானே அர்த்தம்? துணி கையில கிடந்துச்சு..."

மீனலோசனி அவள் எதிரில் குனிந்து உட்கார்ந்தாள்.

"இல்லக்கா. ரெண்டு வாரத்துல பினாங்கு போறான்னு அர்த்தம். உங்க புருஷன் தொல்லை தாங்காம வேலையை விட்டுட்டா. உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் சிரிச்சிருக்கா."

பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.   அப்புறம்தான் அந்த அழுகை வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்க்கிற அழுகை.

மீனலோசனி விலங்கை மாட்டினாள். காலையில் அந்தக் குட்டை முடியைப் பார்த்து அவள் பட்ட எரிச்சலுக்கும் இவள் எரிச்சலுக்கும் எத்தனை அடி தூரம்?

அவளுக்கே தெரியவில்லை.

* * *

மணி ஒன்றரை.

ஸ்டேஷன் வாசலில் வீரசிங்கத்தின் கார் நின்றது. காலையில் அவரை அழைத்து வரும்போது போலீஸ்காரர் ஒருவர் ஓட்டி வந்தது.

"மன்னிச்சிடுங்க," என்றாள் மீனலோசனி. "சத்தம் போட்டதுக்கு."

"பரவாயில்ல மீனா. அவங்க ரொம்ப நல்ல டீச்சர். பொறுமையா சொல்லிக் கொடுப்பாங்க. பாவம்."

அவர் கண் கலங்கியிருந்தது. இந்த முறை அவளுக்கு எரியவில்லை.

"ரமணி ரேஸுக்கு நேரமாச்சு. எடுங்க வண்டியை."

வீரசிங்கத்தின் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்தார். வாசலில் நான்கு போலீஸ்காரர்கள்.

"நீயே ஓட்டேன். எனக்குக் கை நடுங்குது."

ஓட்டினாள். பள்ளித் திடலுக்குள் நுழையும்போது ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ரமணி காற்றாய்ப் பறந்து இரண்டாவதாக வந்தாள். மீனலோசனி விசில் அடித்தாள். ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூச்சு வாங்க ஓடி வந்த ரமணி, அம்மாவைத் தாண்டிப் போய் வீரசிங்கத்தின் கையைப் பிடித்தாள்.

"அங்கிள்! பாடம் முடிஞ்சிருச்சா? டெஸ்ட்டு எப்போ?"

"என்ன டெஸ்ட்டு?" என்றாள் மீனலோசனி.

ரமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரமணி!"

"அங்கிள் சத்தியம் வாங்கிட்டாரும்மா... அவருக்கு... லைசென்ஸ் இல்லையாம்!"

மீனலோசனி மெதுவாகத் திரும்பினாள். தடம் புரண்ட ரயில் மாதிரி நின்றார் வீரசிங்கம்.

"ரயிலுக்கு இருக்கு, மீனா. காருக்குத்தான்... எடுக்கவே இல்ல. இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டுப் பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சு. டெஸ்ட்டுக்குப் போகணும்னா முதல்ல பாடம் எடுக்கணுமாம்."

"ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு... ஒரு வருஷமா... லைசென்ஸ் இல்லாம!"

"அதான் பயந்தேன். ஸ்டேஷன்ல அத்தனை போலீஸ்காரங்க முன்னாடி எப்படிச் சொல்றது? கொலைகாரன்னு நினைச்சாலும் பரவாயில்லன்னு உக்காந்துட்டேன்." எச்சிலை விழுங்கினார். "பாஸ் பண்ணிட்டு, லைசென்ஸைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் உன்கிட்ட கேட்கணும்னு இருந்தேன். இப்பவே கேட்டுடறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா, மீனா?"

ரமணி குதித்தாள். "சொல்லுங்கம்மா! சொல்லுங்க!"

மீனலோசனி சிரிப்பை அடக்கிக்கொண்டு பள்ளி வாசல் பக்கம் கை காட்டினாள்.

"ரமணி, அங்க நிக்கிற டிராபிக் போலீஸ் அங்கிளைக் கூட்டிட்டு வா. இவருக்கு முதல்ல சம்மன்... அப்புறம்தான் சம்மதம்!"