முத்திருளாயி பேசிய தமிழ்

காலையில் கூடத்தைத் திறந்ததும் இறந்தவர்களுக்கு வணக்கம் சொல்வதுதான் இளவேனியின் முதல் வேலை. கண்ணாடிப் பேழைகளுக்குள்ளிருந்து மண்டையோடுகள் பதில் வணக்கம் சொல்லும்.

எலும்பொலிக் கருவி வந்தபின் அதில் யாருக்கும் வியப்பில்லை. தாடையின் வடிவிலிருந்து குரலையும், எலும்பில் உறைந்த நினைவுத் தடங்களிலிருந்து பேச்சையும் அது மீட்டுத்தந்தது. செத்தபின் காதில் விழுந்த ஓசைகூட எலும்பில் தங்கியிருந்தது. மனிதர்களைத் தரம்பிரிக்க வெள்ளையர்கள் அளந்து கொண்டுபோன தலைகள் அவை. நெடுங்காலம் வழக்காடி நாடு அவற்றைத் திரும்பப் பெற்றது. வெள்ளையர்கள் ஒட்டியிருந்த எண்களைக் கிழித்தெறிந்துவிட்டு, வைத்த இடத்துக்கு 'மீட்புக் கூடம்' என்று பெயர் சூட்டினார்கள்.

கடைசியாக வந்தது ஒரு பெண்ணின் தலை. இளவேனி கருவியைப் பொருத்தினாள்.

"யாரு தாயி அது?"

"என் பேரு இளவேனி. நீங்க ஊருக்கு வந்துட்டீங்கம்மா. இது நம்ம இடம்."

"நம்ம எடமா? அப்ப ஏன் என்னய இன்னும் பொதைக்கல?"

இளவேனி பெயர் கேட்டாள். முத்திருளாயி. தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் செத்தவள். அதற்குமேல் எதைக் கேட்டாலும், "குழி தோண்டுங்க தாயி" என்பதே பதிலாக வந்தது.

இயக்குநர் அறவாழியிடம் போய் நின்றாள். "சார், அவங்க புதைக்கச் சொல்றாங்க. புதைச்சிடலாம் சார்."

"இவ்ளோ போராடி மீட்டது மண்ணுல போடவாம்மா? வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர்றார், பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க. அவங்க முன்னால பேசுற பேச்சா இது? திருத்தியை மாட்டுங்க. பேரும் நல்லால்ல, மலைமகள்னு போட்டுடுங்க."

நடைதிருத்தி ஒரு சிறிய மின்னணுச் சில்லு. பேச்சிலிருந்து அயல்சொற்களைக் களையத்தான் அதைச் செய்தார்கள். நாளாவட்டத்தில் வேண்டாத கருத்துகளையும் அதுவே களையக் கற்றுக்கொண்டது. மனமில்லாமலே இளவேனி அதை மாட்டினாள்.

திறப்பு விழாவன்று ஒரு சிறுமி பேழையருகே வந்து, "ஊருக்கு வந்தது சந்தோஷமா?" என்று கேட்டாள்.

பேழைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தாயகம் திரும்பியதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அமைச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அறவாழி இளவேனியைப் பார்த்துப் பெருமிதத்தோடு தலையசைத்தார்.

கூட்டம் கலைந்தபின் அவள் சில்லைக் கழற்றினாள். "அந்தப் பிள்ளைக்கு நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"இதத்தான் சொன்னேன். வெள்ளக்காரங்க எடத்துலயும் இப்பிடித்தான் என்னயச் சுத்தி நின்னு பேசுவாங்க தாயி. அவங்க பாஷை எனக்குத் தெரியாது. என்னயப் பொதைக்கிறதப் பத்தித்தான் பேசிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." மூச்சு வாங்குவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. "ஆனா நீங்க பேசுறது எனக்குப் புரியுதே."