பச்சைக்கல் வீடு

வெயிலில் மொறமொறவென்று காய்ந்திருந்த குழந்தைத் துணியை எடுத்துவந்து சுவரோரக் கொடியில் போட்டாள். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அது நனைந்திருந்தது.

மழை இல்லை. கூரை ஒழுகவும் இல்லை. சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

"சுவரு வேர்க்குதுங்க."

அவள் கணவன், தீவுக்கே கொத்தனார், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இந்தப் புழுக்கத்துல உனக்கே வேர்க்குது. சுவரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே எல்லாமே பவளக்கல் வீடுகள்தான். கடல் வற்றும்போது பவளத்திட்டில் இறங்கி, கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துக் கரையில் போடுவார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அது அங்கேயே கிடக்க வேண்டும். நனைந்து, காய்ந்து, நாறி, வெளுத்து, உள்ளே இருக்கும் உயிர் அடங்கிய பிறகுதான் சுவரேறும். அவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அண்ணன் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு, விடிந்தால் சண்டை. மழைக்குக் காத்திருக்காமல் கல்லைப் பச்சையாகவே அடுக்கி, சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டான்.

அவன் படகைப் பழுது பார்க்கக் கரைக்குப் போனதும் ஓரகத்தி வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மகாராணி, அரண்மனையில இந்தக் கவிச்சி அடிக்குது? மீனையும் சேத்து வெச்சுப் பூசிட்டாரா என் கொழுந்தனார்?"

"உள்ள வாங்கக்கா."

"வேணாம்மா." கேலி சட்டென்று வடிந்துவிட்டது. "புள்ளைய மட்டும் சுவரோரமா போடாத."

சுவர் குளிர்ச்சியாக இருப்பதால் குழந்தை அங்கேதான் தவழ்ந்து போகும். அவள் மகனைத் தூக்கி அறையின் நடுவில் பாயில் கிடத்தினாள்.

சாயங்காலம் கடல் ஏறத் தொடங்கியது. தென்னைகளுக்கு அப்பால், பகலெல்லாம் பழுப்பாய்க் காய்ந்து கிடந்த திட்டின் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வர, நண்டுகள் வளைக்குள் ஓட, சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு அங்கே சிப்பி பொறுக்கிப் பழகிய அவள் காதுக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஓசை, ஆயிரம் வாய்கள் ஒரே நேரத்தில் மெல்லத் திறப்பது போன்ற பொடிப்பொடியான நொறுங்கல், காற்றோடு மிதந்து வந்தது.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

ஓசை கரைப்பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள். சுண்ணாம்புப் பூச்சு முழுக்க ஊசித் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் மயிரிழை போல வெளிறிய விரல்கள் நீண்டு, காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் உள்ளே சுருங்கிக்கொண்டன.

பாய் காலி.

குழந்தை சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். சட்டையில்லாத முதுகு. கண் பாதி மூடியிருந்தது.

"ராஜா..."

அள்ளினாள். வரவில்லை. இழுத்தாள். ஈரத்தோலை உரிப்பது போல ஒரு சத்தம். வீறிட்டான்.

ஓடினாள். விளக்கு எங்கே விழுந்ததென்று தெரியாது. மணல். வேர். மறுபடி மணல். தோளில் குழந்தை கனத்தான். அடிக்கு அடி கனத்தான்.

"என்னாச்சு?" கணவன் படகிலிருந்து கத்தினான்.

"படக எடுங்க! அக்கரைக்கு, டாக்டர்கிட்ட போகணும். அந்தச் சுவரு நம்ம புள்ளைய..."

அவள் முகத்தைப் பார்த்தவன் துள்ளி எழுந்தான். கயிற்றை அவிழ்த்தான். அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். குழந்தையின் காலில் அலை பட்டது.

அழுகை நின்றது.

"குடு. எங்கிட்ட குடு அவன."

அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மகனின் முதுகைத் தாங்கியிருந்த உள்ளங்கையில் எதுவோ நெளிந்தது. மெதுவாகக் கையை எடுத்துப் பார்த்தாள்.

கழுத்திலிருந்து இடுப்புவரை ஊசித் துளைகள். இன்னொரு அலை வந்து முதுகை நனைத்தது. துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெளிறிய குட்டி விரல்கள் பூப்பூவாக விரிந்து, தண்ணீரைத் துழாவின.

குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தான்.