துணைக்கு உட்கார்ந்தவள்

பிரான்சிஸ்கா முடித்துவிட்டாள். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பதினோராம் நம்பர் மலையின் அடியில், மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கானை ஒட்டி அவள் குந்தியிருந்தாள். நமுனுகுல மலையுச்சியிலிருந்து இறங்கிய மூட்டம் தேயிலைச் செடிகளுக்கு மேலே அசையாமல் தொங்கியது. ஈரமண்ணும் பழைய சருகும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. மேலே எங்கோ கொழுந்து ஒடிபடும் சத்தமும், பெண்களின் பேச்சும், கங்காணி வீரய்யாவின் அதட்டலும் கம்பளிக்குள் பொத்தி வைத்த மாதிரி மங்கலாகக் கேட்டன. அடிவயிற்றுப் பாரம் இறங்கிக் கடைசிச் சொட்டும் விழுந்தாயிற்று. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சருகின் மேல் நீர் விழும் சத்தம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி இன்னும் முடிக்கவில்லை.

"இருக்கேன்க்கா," என்றாள் பிரான்சிஸ்கா, பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுத்த நெரை, அதாவது கொழுந்தெடுக்கும் செடி வரிசை, இராக்கம்மாவினுடையது. இராக்கம்மாவை மாசியிலேயே புதைத்தாயிற்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளெல்லாம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதால் அந்த நெரைக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை.

மலையில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் துரையும் போட்டதில்லை, பெண்களே போட்டது. தனியாகப் போகக் கூடாது. அட்டை இருக்கிறது, பாம்பு இருக்கிறது, அதையெல்லாம் விட மோசமாக ஆம்பிளைகள் இருக்கிறார்கள். அடுத்த நெரைக்காரியைத் துணைக்குக் கூட்டிப்போய் முதுகோடு முதுகாகக் குந்த வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. முதலில் முடித்தவள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், மற்றவள் முடிக்கும்வரை எழும்பக் கூடாது. பத்து வருடமாக, அடக்க முடியாமல் ஒதுங்கும்போதெல்லாம், இவளுக்கு இராக்கம்மா துணை, இராக்கம்மாவுக்கு இவள் துணை.

குரல் கொடுத்தாயிற்று. முழங்கால் மரத்துப்போகும்வரை பிரான்சிஸ்கா அசையாமல் இருந்தாள். ஒருவழியாகச் சத்தம் தேய்ந்து நின்றது. எழும்பித் திரும்பினாள். யாரும் இல்லை. குனிந்து சருகைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. ஆனால் சூடாக இருந்தது.

"பேயாவது மண்ணாங்கட்டியாவது," என்று தன்னையே திட்டிக்கொண்டு மலையேறினாள்.

பயந்துகொண்டு ஒதுங்காமல் இருக்க அவளுக்கு வழியில்லை. இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சலும் இடுப்புவலியுமாகப் பதுளை கிளினிக்குக்குப் போனபோது, டொக்டர் ஸமீம் மேசையிலிருந்த பிளாஸ்டிக் உருவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"இந்த ரெண்டும் சிறுநீரகம். முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழே இருக்கு. ஒவ்வொன்னுலயும் லட்சக்கணக்கில சின்னச் சின்ன வடிகள் இருக்கு. ரத்தத்த வடிச்சு, நல்லதத் திருப்பிக் குடுத்துட்டு, மிச்சத்தத்தான் சிறுநீரா வெளிய அனுப்புது. இது சிறுநீர்க்கான், ஒரு பக்கத்துக்கு ஒன்னு. சும்மா வழியாது, சுருங்கிச் சுருங்கித் துளித்துளியாப் பைக்குத் தள்ளும். பையோட வாயில ரெண்டு சுருக்குத்தசை. உள்ளே இருக்கிறது உங்க சொல்லுக் கேக்காது. வெளியே இருக்கிறதுதான் கேக்கும். அதத்தான் நீங்க காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் இறுக்கிப் புடிச்சிருக்கீங்க."

"மலையில கக்கூஸ் இல்லயே டொக்டர்."

"தெரியும். அடக்கி அடக்கி, கிருமி கான் வழியா மேல ஏறி, வலது சிறுநீரகம் சுருங்கிப் போச்சு. இடதுதான் வேலை செய்யுது. இனி நிறையத் தண்ணி குடிக்கணும், வந்த உடனே போகணும். இதையும் கெடுத்துக்கிட்டா வாழ்நாள் முழுக்க மெசின்லதான் ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்."

மெசின் என்றால் என்னவென்று பிரான்சிஸ்காவுக்குத் தெரியும். இராக்கம்மா அதில் படுத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அரைக்கோப்பை பிளேன்டீ குடித்தால், பகல் கொழுந்து நிறுக்கும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர் படாமல் இருக்கிறவள் இராக்கம்மா. குடித்தால் ஒதுங்கணும், ஒதுங்கினால் கொழுந்து குறையும், கூலியும் குறையும். அடக்குவதில் அவளுக்கு ஒரு வீறாப்பே இருந்தது. "நமக்கென்னடி, இரும்புப் பை," என்று வயிற்றில் தட்டிச் சிரிப்பாள். கடைசியில் சிறுநீர் அடியோடு நின்று, கால் வீங்கி, வயிறு வீங்கி, கண் இருக்கிற இடம் தெரியாமல் முகம் வீங்கிச் செத்துப்போனாள்.

டொக்டர் சொன்ன அன்றே பிரான்சிஸ்கா முடிவெடுத்தாள். பெரிய சோடாப் போத்தல் ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, எல்லோரும் பார்க்கத் தோளில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். இறங்கிக் கானுக்குப் போகும்போதெல்லாம் வீரய்யா கத்தினார்.

"என்னா பிரான்சி, கொழுந்து எடுக்க வந்தியா, ஒன்னுக்குப் போக வந்தியா?"

"ரெண்டுக்குந்தான் கங்காணி. ஒங்க சிறுநீரகத்துல ஒன்னத் தாங்க, நானும் அடக்கிக்கிறேன்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் துணைக்கு வரவில்லை. கொழுந்து போய்விடும் என்ற பயம். அதனால்தான் பத்து வருடம் காத்த சட்டத்தை மீறி அவள் தனியே ஒதுங்கத் தொடங்கினாள். தனியே போனதால்தானோ என்னவோ, துணை தானாகத் தேடி வந்துவிட்டது.

மறுநாளும் அது வந்தது. இவள் குந்தியவுடன் முதுகுக்குப் பின்னால் சருகு நெரிந்தது. இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கைத் தூக்கிச் செருகுகிற சத்தம். பெருமூச்சு ஒன்று. பிறகு நீர் விழத் தொடங்கியது. பிரான்சிஸ்காவுக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நாலு சொட்டுக்கு மேல் இறங்கவில்லை. பின்னால் விழுவதோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. அந்த நேரமெல்லாம் இடது விலாவுக்குக் கீழே, முதுகோரமாக, யாரோ நூலைக் கட்டி மெல்ல இழுப்பதுபோல் இருந்தது.

"பிரான்சி," என்றது குரல். "இருக்கியாடி?"

தெரிந்த குரல். சளி கட்டிய, வாய் உலர்ந்த குரல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கியாடி?"

"இருக்கேன்," என்று அவள் வாய் சொன்னது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. போத்தலைக் குடித்தாள், லயத்துப் பீலித் தண்ணீரில் வாயை வைத்துக் குடித்தாள், இரவில் எழும்பிக் குடத்தோடு குடித்தாள். உதடு வெடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. குடித்த தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது? வீட்டுக் கக்கூஸில் எவ்வளவு நேரம் குந்தினாலும் ஒரு சொட்டு வரவில்லை. வயிறு காய்ந்த சுரைக்குடுக்கையாக இருந்தது. சில வேளைகளில், வெயில் நன்றாக அடிக்கிற மத்தியானத்தில்கூட, லயத்து வாசலில் நின்றால் தூரத்து மலையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அவள் போகாத நேரத்திலும் அது போய்க்கொண்டுதான் இருந்தது.

மறுபடி பதுளை கிளினிக்கில், டொக்டர் ஸமீம் ஸ்கேன் கருவியை அவள் இடுப்பில் வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"குடம் குடமா டொக்டர்."

"சிறுநீரகம் நல்லா வேலை செய்யுது. வடிக்குது. கான் சுருங்கித் தள்ளுறதும் தெரியுது. கல் இல்ல, அடைப்பு இல்ல." அவர் கருவியை அடிவயிற்றுக்கு இறக்கினார். "ஆனா பைக்கு ஒன்னும் வந்து சேரல்ல. மேல இருந்து போகுது. கீழ வரல்ல."

"அப்ப எங்க போகுது?"

டொக்டர் திரையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உடம்பு வற்றிப்போயிருப்பதாகவும், இப்படியே விட்டால் இருக்கிற ஒரு சிறுநீரகமும் செத்துவிடும் என்றும், இப்போதே வார்டில் படுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"நாளைக்கு வாறேன் டொக்டர். ஒருத்திகிட்ட ஒரு பேச்சுப் பேசிட்டு வாறேன்."

பேச்சு அல்ல, சண்டை. பஸ்ஸில் வரும்போதே அவளுக்குள் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. இராக்கம்மாவுக்கு இவள் என்ன பாவம் செய்தாள்? பத்து வருடம் துணைக்கு இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் போய் இருந்தாள். பிணத்தைக் குளிப்பாட்டவும் இருந்தாள். இருக்கிற ஒரே சிறுநீரகத்தையும் கொடு என்றால் எந்த ஊர் நியாயம்? இராக்கம்மாவை அடக்க வைத்தது இவளா? கேட்கிறதானால் அடக்க வைத்தவர்களிடம் போய்க் கேட்கட்டும்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய துணிப்பையை லயத்தில் வைத்துவிட்டு, படங்கைக் கட்டி, மஞ்சள் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு பதினோராம் நம்பர் மலைக்கு ஏறினாள். மூட்டம் அன்றைக்கு மிகக் கெட்டியாக இருந்தது. வீரய்யா ஏதோ கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. கானுக்கு இறங்கினாள். குந்தினாள். போத்தலைத் திறந்து, நிறுத்தாமல், கடைசி மடக்கு வரை குடித்தாள்.

"வாங்க," என்றாள் சத்தமாக.

சருகு நெரிந்தது.

சத்தம் தொடங்கியது. விலாவுக்குக் கீழே நூல் இறுகியது. குடித்ததெல்லாம் அவளுக்குள்ளேயே துளித்துளியாக வழிமாறிப் போவதை அவளால் உணர முடிந்தது. சுருங்கி. தள்ளி. சுருங்கி. தள்ளி. பின்னால் விழுந்துகொண்டே இருந்தது. மேலே பேச்சுச் சத்தம் இல்லை. கங்காணியின் குரல் இல்லை. கொழுந்து ஒடிபடவில்லை. மலை முழுக்க இந்தச் சத்தம் ஒன்றுதான்.

"இருக்கியாடி?"

"இல்ல," என்றாள் பிரான்சிஸ்கா.

சத்தம் ஒரு கணம் தயங்கியது.

"இல்லக்கா. ஒங்களுக்காக அழுதேன். இன்னும் அழுவேன். ஆனா இது என்னோட சிறுநீரகம். தரமாட்டேன். நா எழும்புறேன்."

முழங்காலை ஊன்றினாள். உடம்பு வரவில்லை. அடிவயிற்றை ஒரு கை உள்ளிருந்து பிடித்து அமுக்கியது. அடக்கு, என்றது அந்தக் கை. அடக்கு. எல்லாரும் அடக்கினோம். நீயும் அடக்கு.

"முடியாது."

தேயிலைத் தூரைப் பற்றிக்கொண்டு எழும்பினாள். ஏதோ ஒன்று அவளிடமிருந்து கழன்றது. எழும்பியேவிட்டாள். நின்றாள். அதோடு விடவில்லை அவள். இத்தனை வருடமும் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தாள். திரும்பிப் பார்த்தாள்.

இராக்கம்மாவின் முதுகு. வீங்கி, ரவிக்கை தெறித்த முதுகு. அதற்கு அப்பால் இன்னொரு முதுகு. அதற்கும் அப்பால் இன்னொன்று. மூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலக, நெரை நெரையாக, கானுக்குக் கான், மலையின் உச்சிவரை பெண்கள் முதுகு காட்டிக் குந்தியிருந்தார்கள். பழைய காலத்துக் கண்டாங்கிச் சேலைகள். கறுத்த கம்பளிகள். அவர்களுக்குக் கீழிருந்து ஆவி பறக்க நீர் இறங்கிக் கானில் ஓடியது. எந்தக் காலத்திலோ அடக்கியதெல்லாம்.

அவள் தான் எழும்பிய இடத்தைப் பார்த்தாள்.

அங்கே அவள் இன்னும் குந்தியிருந்தாள்.

அதே மஞ்சள் தலைத்துணி. அதே படங்கு. பக்கத்தில் காலிப் போத்தல்.

"இருக்கேன்க்கா," என்றது அது. அவள் குரலில்.

பிரான்சிஸ்கா ஓடவில்லை. குனிந்தாள். குந்தியிருந்தவளின் கையை எட்டிப் பிடித்தாள். சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது.

"எழும்புடி."

இழுத்தாள். வரவில்லை.

"எழும்புடி, சனியனே. ஆஸ்பத்திரிக்குப் போவணும். எழும்பு."

சத்தம் நின்றது. மலை முழுக்க, ஒரே நேரத்தில்.

முதலில் இராக்கம்மாவின் தலை திரும்பியது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. வீங்கிய முகங்கள். கண்ணுக்குப் பதில் ஒரு கோடு. வெடித்த உதடுகள். உச்சிவரை, ஒவ்வொன்றாக, எல்லாம் அவள் பக்கம்.

பிரான்சிஸ்கா பிடியை விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

குந்தியிருந்தவளும் தலையைத் திருப்பத் தொடங்கினாள்.